வெறுங்காலுக்கு ஒரு ஜோடி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய இடத்திலிருந்து எல்லாம் வரவில்லை. ஒரு காலணிக் கடையின் பெஞ்சிலிருந்து வந்தது.

எனக்குக் குதிகால் வலி. நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிற ஆளுக்குக் குதிகால் ஏன் வலிக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். டாக்டரும் அதைத்தான் கேட்டார். நல்லதாக ஒரு ஜோடி வாங்கலாம் என்று கடைக்குப் போனால், என் பக்கத்தில் ஒரு பெண் வலது காலில் ஒரு மாதிரியும் இடது காலில் வேறு மாதிரியும் மாட்டிக்கொண்டு, கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள். "முடிவு பண்ணிட்டு சொல்றேன்னு சொன்னேன்ல. இன்னும் ரெண்டு காலும் ஒத்துப்போகல" என்றாள். எதிர்முனையில் என்ன பதில் வந்ததோ, நின்று சிரித்தாள். அப்படியொரு சிரிப்பு. வந்த வேலை எனக்கு மறந்துபோயிற்று.

நான் எதுவும் வாங்கவில்லை. வலி அப்படியே இருக்கிறது. அந்தப் பெண் யார், என்ன வேலை, யாரிடம் பேசினாள், எதுவும் தெரியாது. இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

தொடக்கம் சுலபமாக வாய்க்கவில்லை.

"மனிதன் முதன்முதலில் காலணி அணிந்த அன்று மண்ணோடு தனக்கிருந்த உறவை—"

வேண்டாம். விருந்துக்கு என்று கூப்பிட்டுப் பரீட்சை எழுத உட்கார வைத்த மாதிரி இருக்கிறது.

"ஒரே ஜோடியை எடுக்க ஒரே நேரத்தில் இரண்டு கைகள் நீண்டன. ஒன்று அவளுடையது. மற்றது—"

இதுவும் வேண்டாம். மற்ற கை யாருடையது, கடைசிப் பக்கத்தில் அது எதைப் பிடித்திருக்கும் என்பது வரை உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது.

நேராகவே சொல்கிறேன். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். விடிகாலையில் பணிமனையை விட்டுக் கிளம்பும் முதல் வண்டி அவளுடையது. அங்கே அவளுக்கு 'ரெண்டாம் கியர்' என்று பெயர். முதல் கியரில் எடுத்தால் வண்டி ஒரு உதறு உதறும், நின்றுகொண்டு வருகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள் என்பதற்காக, சமதளத்தில் எப்போதும் இரண்டாம் கியரிலேயே பூப்போல எடுத்துவிடுவாள். வண்டி விஷயத்தில்தான் இந்தக் கெட்டிக்காரத்தனம். சொந்த விஷயத்தில் கியரே விழாது. திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று முடிவு செய்வதற்குள் அந்த ஜன்னலுக்கு எதிரே ஒரு மாடி வீடு எழும்பி, திரைச்சீலையே தேவையில்லாமல் போயிற்று.

(இங்கே ஒரு சங்கடம். ஐம்பதை நெருங்குகிற பெண்ணை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதியும் பார்த்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். 'அவள்' என்றதும் பக்கத்தில் வந்துவிட்டாள். மன்னித்துக்கொள்ளுங்கள்.)

அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்து, முடிந்தும் போயிருந்தது. அதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அவள் முகம் சுண்டிப்போனது. எடுத்துவிட்டேன்.

இப்போது கால். வருஷக்கணக்காக முனை குறுகிய தடித்த ஷூ போட்டு ஓட்டியதில், அவள் கட்டைவிரல் பக்கத்து விரலின் மேல் சாய்ந்துவிட்டது, முதல் வண்டியில் தூங்கி விழுகிற ஆள் பக்கத்து இருக்கைக்காரர் தோளில் சாய்வது போல. "விரல் விரியறதுக்கு இடம் விட்டு, அடி மெலிசா, குதிகால் உயராம இருக்கற ஷூவா பாருங்க. ஆனா மெதுவா பழகணும்" என்றார் பிசியோதெரபி செய்கிறவர். அதைக் கேட்டு வந்து பல வாரம் ஆயிற்று. வாங்கவில்லை. பிறகு அவசரம் வந்தது.

அவசரத்தின் பெயர் பேக்கரிக்காரர். இரவெல்லாம் ரொட்டி சுட்டுவிட்டு, விடியும்போது முதல் வண்டியைப் பிடித்து வீட்டுக்குத் தூங்கப் போகிறவர். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை. அவர் ஏறினால் வண்டி முழுக்கச் சூடான ரொட்டி வாசனை. காதோரத்தில் எப்போதும் வெள்ளையாக ஏதோ இருக்கும். அது மாவா நரையா என்று கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை.

ஒரு நாள் சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போது அவர் முன்னால் குனிந்து கேட்டார்:

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவுதானே? மேட்டுமேல ஒரு பாதை இருக்கு. ஏரி வரைக்கும் போகுது. நடந்து போலாம், வர்றீங்களா?"

"நடக்கறதுக்கு எங்கிட்ட ஷூ இல்லீங்க" என்றாள். உண்மைதான். தப்பிக்கவும் அதுதான் வசதியாக இருந்தது.

"வாங்கினப்புறம்?"

"வாங்கினப்புறம் சொல்றேன்."

பச்சை விழுந்துவிட்டது.

3

கடைக்கு அவள் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனாள். அதாவது, தங்கை அவளை இழுத்துக்கொண்டு போனாள். தங்கை நீச்சல்குளத்தில் பயிற்சி கொடுக்கிறவள். தண்ணீருக்குள் இறங்கப் பயந்து கரையில் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினைக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: "குதி. அப்புறம் யோசி."

கடைக்காரப் பெண் பெட்டிகளைக் கொண்டுவந்து பரப்பினாள். ஒன்றை எடுத்துப் பாயைச் சுருட்டுவது போல உருட்டிக் காட்டி, மறுபடி விரித்து வைத்தாள்.

"இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டாள் தங்கை.

"வெறுங்கால் ஷூங்க."

"வெறுங்கால்னா வெறுங்கால். ஷூன்னா ஷூ. இது ரெண்டுல எது?"

"போட்டா போடாத மாதிரியே இருக்கும்."

"அப்ப போடாமலே போயிடலாமே. மிச்சம்."

"ரோட்டுல கண்ணாடிச் சில்லு கிடக்குமே" என்றாள் கடைக்காரப் பெண் அமைதியாக. தங்கை தோல்வியை ஒப்புக்கொண்டு அடுத்த பெட்டியைத் திறந்தாள். அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. அக்காக்காரி மனசுக்குள் கடைக்காரப் பெண்ணுக்கு ஒரு மாலை போட்டாள்.

முதலில் நாடா கட்டுகிற மாதிரி. பார்த்தால் சாதாரண ஷூ. முனை மட்டும் வாத்தின் அலகு போல அகலம். "இத போட்டு வண்டி ஓட்டலாம்" என்றாள் தங்கை. அடுத்தது நாடா இல்லாமல் நழுவி நுழைகிற மாதிரி, துணி போல மெல்லியது. நடந்தால் சத்தமே இல்லை. "இத போட்டுத் திருடலாம்." அதற்கடுத்தது செருப்பு வகை: ஒரு தகட்டளவு அடிப்பாகம், விரலிடுக்கில் ஒரு கயிறு, குதிகாலைச் சுற்றி இழுத்துக் கட்ட ஒரு வார். காற்றுப் படுகிற பாதத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அவளுக்குப் பாதம் பெரியது. அதை நான் இன்னும் சொல்லவில்லை, இல்லையா? அவள் மறைத்துக்கொண்டே வந்ததால் எனக்கும் தாமதமாகத்தான் தெரிந்தது. சிறுவயதில் தங்கை அவள் ஷூவுக்குள் பொம்மையைப் படுக்க வைத்துப் போர்த்திவிடுவாள். சொந்தக்காரர்கள் 'படகு' என்பார்கள். அதனாலேயே வாழ்நாள் முழுக்க ஓர் அளவு குறைத்து வாங்கினாள். விரல் சாய்ந்ததற்குக் குறுகிய முனை பாதிக் காரணம். இந்தக் கூச்சம் மீதிக் காரணம்.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் கடைக்காரப் பெண், கொஞ்சம் தயங்கி. "எல்லாருக்கும் பிடிக்காது."

பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி உறையோடு, நல்ல மஞ்சள் நிறத்தில் ஒரு ஜோடி.

"ஐயோ அக்கா, இது காலுக்குக் கையுறை" என்றாள் தங்கை. "இத போட்டுக்கிட்டு ரொட்டி கூட நடந்தா, அந்த மனுஷன் ஏரியிலேயே குதிச்சிடுவார்." (பேக்கரிக்காரரைத் தங்கை 'ரொட்டி' என்றுதான் சொல்வாள்.)

"சும்மா போட்டுப் பாக்கறேன்."

போடுவது சும்மா இல்லை. ஐந்து விரல்களும் அவரவர் அறைக்குள் போக வேண்டும். சுண்டுவிரல் பக்கத்து வீட்டுக்குள் புகுந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்றது. கட்டைவிரலைக் கையால் நிமிர்த்தி, கெஞ்சி, உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. கடைக்காரப் பெண் மண்டியிட்டு ஒரு பக்கம் பிடித்தாள். தங்கை திட்டிக்கொண்டே மறுபக்கம் பிடித்தாள். ஒருவழியாக எல்லோரும் குடியேறியதும் அவள் எழுந்து நின்றாள்.

விரல்களை அசைத்தாள். ஐந்தும் தனித்தனியாக அசைந்தன. அவள் சிரித்துவிட்டாள். வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. கடையின் மறுகோடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் கால்விரல்களை அவள் ஒவ்வொன்றாகச் சந்தித்தது அன்றுதான்.

"வேணாம்" என்றாள் தங்கை.

"வேணாம்தான்" என்றாள் அவள், கழற்றாமல்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் உள்ளுக்குள்ளயே நடந்து பாருங்க. அழுக்காகலைன்னா திருப்பிக் கொடுக்கலாம்" என்றாள் கடைக்காரப் பெண்.

நாடா கட்டியது, கயிறு கட்டியது, விரல் போட்டது மூன்றும் அவளோடு வீட்டுக்குப் போயின.

4

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்யப் பார்த்தேன். மூன்று ஜோடிகளும் அவள் முன்னால் இருந்த மூன்று வாழ்க்கைகள் என்று எழுதத் தொடங்கி, நாடாவுக்குப் பாதுகாப்பு, கயிற்றுக்கு விடுதலை என்று அர்த்தம் கட்டிக்கொண்டே போனேன். இரண்டு பக்கம். கிழித்துப் போட்டேன். ஷூ ஷூதான். அவளுக்குத் தெரிய வேண்டியது ஞாயிற்றுக்கிழமை எதைப் போடுவது என்பது மட்டுமே.

அவள் வீட்டில் ஒரு காலில் ஒன்றும் மறுகாலில் ஒன்றுமாக நடந்தாள். மெல்லிய அடி வழியாக வீடு பேசத் தொடங்கியது. சமையலறையில் ஒரு தரைக்கல் லேசாக ஆடுகிறது. குளியலறை வாசலில் தரை ஒரு பக்கமாகச் சரிகிறது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே கல் எப்போதும் சில்லென்று இருக்கிறது. இத்தனை காலம் குடியிருந்தும் கண்ணுக்குத் தெரியாதது காலுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. மெதுவாகப் பழகச் சொன்னதைக் கேட்டு மறுநாள் கொஞ்ச நேரம் மட்டும் நடந்தாள். அதற்கடுத்த நாள் கொஞ்சம் கூட.

நாடா ஷூ அழுக்காகாமல் தப்பவில்லை. அதைப் பணிமனைக்கே போட்டுக்கொண்டு போய்விட்டாள். பிரேக்கை மிதித்ததும் அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது உள்ளங்காலில் அப்படியே தெரிந்தது. அன்று வண்டி நின்றதே யாருக்கும் தெரியவில்லை. இறங்க வேண்டியவர் ஒருவர் பேப்பர் படித்தபடி அடுத்த நிறுத்தம் வரை போய்விட்டார். பணிமனை மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார்.

"என்ன ரெண்டாம் கியர், ஷூவை யாராவது மிதிச்சிட்டாங்களா? முன்னாடி இப்படிச் சப்பையா இருக்கு?"

"விரல் உக்கார இடம் வேணும்ல சார்."

"குதிகால் மூடியிருக்கா? அப்ப சரி" என்று போய்விட்டார்.

ஆக, வேலைக்கு எது என்பது முடிந்தது. பேக்கரிக்காரரிடமும் அதே சிவப்பு விளக்கில் "வர்றேன்" என்று சொல்லியாயிற்று. ஞாயிறுக்கு எது என்பதுதான் முடியவில்லை. தங்கை போனில், "கயிறு கட்டினதைப் போடு. அழகா இருக்கு. அந்த மஞ்சள் கண்றாவியைத் திருப்பிக் கொடு" என்றாள். அவளும் சரி என்றாள். சொல்லிவிட்டு மஞ்சள் ஜோடியை மாட்டிக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று நடந்தாள். கண்ணாடியில் பார்த்தாள். பெரிய பாதம், மஞ்சளாக, விரல் விரலாக. மறைக்க வழியே இல்லை. அதுவே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அப்படிப் பிடித்துப்போனதை நினைத்துத்தான் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை மஞ்சளைப் போட்டாள். தைரியம் பாதி வழியில் கைவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று கயிற்றுச் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டாள்.

5

(பேக்கரிக்காரரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். ரொட்டி வாசனை, குனிந்து கேட்கிற பணிவு, எல்லாம் கொஞ்சம் அதிக நல்லவராக இருக்கிறார். இப்படிப்பட்டவர்களைக் கதையில்தான் பார்க்க முடியும். ஆகவே அவருக்கு ஒரு குறை வைக்கிறேன்: வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்.)

அவர் பாதை தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். காலில் கணுக்காலுக்கு மேல் ஏறிய, பளபளக்கும் புத்தம்புது மலையேற்ற பூட்ஸ். அவளை அழைத்துவிட்டதால் அவசரமாக வாங்கியது என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி, காலில் வந்து நின்றது.

"உங்க விரலெல்லாம் தனித்தனியா இருக்கே" என்றார்.

"எல்லாருக்கும் அப்படித்தானே."

அவர் யோசித்துப் பார்த்தார். "ஆமா" என்றார். "நான்தான் கவனிச்சதில்ல போல."

நடந்தார்கள். அவள் காலடியில் மண் மாறிக்கொண்டே வந்தது. பொடி மணல், காய்ந்த இலை, வேர் முண்டு, வெயில் பட்ட பாறை, பட்டுப்போன்ற புல். கூர்மையான கல் வந்தால் பாதம் தானாகவே வளைந்து ஒதுங்கியது. வாழ்நாளெல்லாம் சாலையைச் சக்கரம் வழியாகவே தெரிந்து வைத்திருந்தவள், ஒவ்வோர் அடிக்கும் "ம்" என்றாள், யாரோ நல்ல செய்தி சொல்லிக்கொண்டே வருவது போல. பக்கத்தில் நடக்கும்போது ஒன்றைக் கண்டுபிடித்தாள்: அவர் காதோரத்தில் இருந்தது நரைதான்.

மேடு ஏற ஏற அவர் பேச்சு குறைந்தது. ஒரு காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார்.

"கால் வலிக்குதா?"

"இல்லயே."

இன்னும் கொஞ்ச தூரம். இப்போது இரண்டு காலையும் சாய்த்து வைத்தார்.

"வலிக்குது."

"சேச்சே. பூட்ஸ் புதுசு, அவ்வளவுதான்."

"உக்காருங்க" என்றாள். நிறுத்தம் அல்லாத இடத்தில் இறங்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களிடம் பேசுகிற குரல் அது. அவர் உட்கார்ந்துவிட்டார். பூட்ஸைக் கழற்றினால் இரண்டு குதிகாலிலும் நன்றாகக் கொப்புளித்திருந்தது. திரும்பி நடக்கவும் முடியாது, மேலே போகவும் முடியாது. அவர் முகம் தொங்கிப்போனது. "உங்க ஞாயித்துக்கிழமைய கெடுத்துட்டேன்" என்றார்.

அவள் பையிலிருந்து கயிற்றுச் செருப்பை எடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: ஓர் ஆணிடம் தன் செருப்பை நீட்டி, போட்டுக்கொள் என்று சொல்லப்போகிறாள். அவள் பாதம் அவ்வளவு பெரியது என்பது இதற்குமேல் உலகத்துக்கே தெரிந்துவிடும். ஒரு கணம் கை நின்றது. பிறகு நீட்டிவிட்டாள்.

அவர் போட்டுக்கொண்டார். அளவு சரியாக இல்லை. கொஞ்சம் பெரிதாக இருந்தது.

இருவரும் அந்தச் செருப்பையே பார்த்தார்கள். முதலில் சிரித்தது அவள்தான்.

"எங்க வீட்டுல என்னை 'எலிக்கால்'னுதான் கூப்பிடுவாங்க" என்றார் அவர். "அதனாலதான் எப்பவும் பெரிய பெரிய பூட்ஸா வாங்கறது."

அவள் வாரை இழுத்து, கொப்புளத்தில் உரசாமல் குதிகாலுக்கு மேலே கட்டிவிட்டாள். அவர் எழுந்து, பூட்ஸை நாடாவோடு தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு நடப்பவர் போல ஒவ்வோர் அடியாக வைத்தார்.

"கல்லு குத்துது."

"குத்தும். பாத்து வைங்க. மெதுவா போலாம்."

"வலிக்குதுன்னு சொன்னா பரவாயில்லயா?"

"சொல்லுங்க. நான் ஓரமா நிறுத்தறேன்."

6

ஏரி பெரியது. கரையில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த ரொட்டியைப் பிட்டுத் தின்றார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்:

"என் தம்பி கடலோரத்துல ஒரு ஊர்ல கடை போட்டிருக்கான். ஆள் போதல, நீயும் வந்துடுன்றான். நாளைக்குப் பதில் சொல்லணும்."

அவள் கையிலிருந்த ரொட்டியை இன்னும் சின்னதாகப் பிட்டாள்.

"உங்ககிட்ட சொல்லாம முடிவு பண்ண வேணாம்னு தோணிச்சு. ஏன்னு கேக்காதீங்க. அதைச் சொல்ல எனக்கு வராது."

இந்த இடத்தில் அவள் பேச வேண்டிய வசனத்தை நான் தயாராக வைத்திருந்தேன். "போகாதீங்க" என்று ஒன்று. "உங்க இஷ்டம்" என்று கண்கலங்க ஒன்று. அவள் விரல்களை மணலில் ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அங்க டவுன் பஸ் ஓடுதா?"

அவர் திரும்பினார். "என்ன?"

"பஸ். ஓடுதான்னு கேட்டேன்."

"ஓடுது. கடற்கரை ரோட்டுல போகும்." அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "ரொம்ப மோசமா ஓட்டுவாங்க."

"முதல் கியர்ல எடுக்கறாங்களாயிருக்கும்" என்றாள் அவள்.

சத்தியமாக இது என் வரி இல்லை. நான் எழுதி வைத்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு அவளே பேசியது. யோசிக்காமல் பேசிவிட்டோமே என்று அவளுக்கே திகைப்பு. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. தங்கை பார்த்திருந்தால் கரையிலிருந்து விசிலடித்திருப்பாள்.

(ஒன்று கவனித்தீர்களா? அவரை நான் இன்னமும் 'அவர்' என்றுதான் எழுதுகிறேன். அது எப்போது 'அவன்' ஆகும் என்பது என் கையில் இல்லை.)

7

முடிவுகள் சிலதை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவர் தம்பிக்கு மறுப்புச் சொல்லிவிட்டு இங்கேயே இருக்கிறார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்தத் தம்பி பாவமாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். இன்னொன்றில் அவள் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டுகிறாள். அதற்கு அவளுக்கு வேலை மாற்றல் கிடைக்க வேண்டும். அதை இரண்டு வரியில் வாங்கிக் கொடுத்தால் உங்களில் அரசு வேலை பார்ப்பவர்கள் என்னைச் சும்மா விட மாட்டீர்கள். மற்றொன்றில் அவர் மட்டும் போகிறார், ஞாயிறுதோறும்—

அதை முடிக்கக்கூட இல்லை.

ஆகவே திங்கட்கிழமைக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று நானும் முதல் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். வெளியே இன்னும் நன்றாக விடியவில்லை. வண்டியில் சில பேர்தான். பாதிப் பேர் தூக்கத்தில். அவள் கண்ணாடியைத் துடைத்துச் சரிசெய்கிறாள். ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள்ளேயே முனகுகிறாள். சுருதி சேரவில்லை, அதைப் பற்றிக் கவலைப்படுவதாகவும் தெரியவில்லை. பேக்கரி நிறுத்தம் வருகிறது. கதவு திறக்கிறது. ரொட்டி வாசனை முதலில் ஏறுகிறது, பின்னாலேயே அவர். வழக்கமான இருக்கையில் அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நிற்கிறார்.

"தம்பிகிட்ட பேசிட்டேன்" என்கிறார்.

அவள் சாலையைத்தான் பார்க்கிறாள். ஆனால் முகம் முழுக்க மலர்ந்துவிட்டது, பதில் வருவதற்கு முன்பே.

"சொல்லுங்க" என்று வண்டியை எடுக்கிறாள். யாரும் சாயவில்லை.

அடுத்தது என் நிறுத்தம். மணியை அடித்துவிட்டேன், இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். அவருடைய முதல் இருக்கை இன்று காலியாகத்தான் இருக்கிறது. நகர்ந்து அங்கே உட்கார்ந்துகொள்ளுங்கள், பேசுவது நன்றாகக் காதில் விழும்.